கம்பிக்குள் கை வைப்பது யார்?

"டோரண்ட் போட்டா நெட்டு ஊருது சார், அமுக்குறானுங்க." நொய்டாவில் நான் இருக்கும் அடுக்ககத்தில் லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் இந்த வசனத்தை மூன்று மொழியில் கேட்டுவிடலாம். இதற்கு எதிர்ப்பாட்டும் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "நாங்க எதையும் ஸ்லோ பண்றதில்லை சார், உங்க லைன் பக்காவா இருக்கு" என்று இந்தியில் பாடுவார்கள். இரண்டு பாட்டுக்கும் ஒரு ஒற்றுமை: பாடுகிற யாரும் எதையும் அளந்து பார்த்ததில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராட்பேண்ட்காரர் நம் கோப்புப் பகிர்வை மட்டும் குறிவைத்து அமுக்குகிறாரா என்பது பட்டிமன்றத்துக்கான தலைப்பு இல்லை. தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தராசை அரசாங்கம் நம் கையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆகவே என்னை மாதிரி பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆசாமிகள் வார இறுதியில் தாங்களே தராசு செய்ய வேண்டியிருக்கிறது.

"டோரண்ட்ல நீ எடுக்கறதே திருட்டுப் படம், அதுக்கு நியாயம் வேறயா?" என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்கு இதில் என்ன ஒட்டு உறவு என்பதையும் சொல்கிறேன். திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் என் மாமா மகன் நாலைந்து வருடமாகத் தெருக்கூத்துகளை விடிய விடியப் பதிவு செய்துவருகிறான். வாத்தியாரிடம் அனுமதி வாங்கித்தான் செய்கிறான். ஒரு ராத்திரிக் கூத்து நாற்பது ஜிபியைத் தாண்டும். கூகிள் ஓசியில் கொடுப்பது 15 ஜிபி. எட்டு ஊரில் சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர்களுக்கும், கூத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கும் காசில்லாமல் போய்ச்சேர டோரண்டை விட்டால் வேறு வழி இல்லை. ஒருவரிடம் முழுசாக வந்துவிட்டால் அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். பிட்டோரண்டை ப்ராம் கோஹன் 2001-ல் எழுதியது இந்த மாதிரி வேலைக்குத்தான். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களை வெளியிடுபவர்கள் டோரண்டிலும் தருகிறார்கள். இண்டர்நெட் ஆர்க்கைவ் 2012-ல் இருந்து தன் சேகரிப்புகளை டோரண்டாகவும் கொடுக்கிறது. இதெல்லாம் திருட்டுக் கணக்கில் வராது.

அமுக்குவது வெறும் பிரமை இல்லை என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் காம்காஸ்ட். சலிக்காத கதை, எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ராப் டோபோல்ஸ்கி என்று ஒரு நெட்வொர்க் மனிதர். பார்பர்ஷாப் க்வார்டெட் என்று நாலு பேர் சேர்ந்து வாத்தியம் இல்லாமல் பாடும் பழைய பாட்டு வகை ஒன்று உண்டு. காப்புரிமை காலாவதியான அந்தப் பாட்டுகளைப் பகிர அவர் முயன்றபோது பதிவேற்றம் மட்டும் அறுந்து அறுந்து போயிற்று. மனுஷன் பொட்டலங்களைப் பிடித்து வைத்து ஆராய்ந்தார். எதிர்முனையில் இருப்பவர் 'தொடர்பை முறித்துக்கொள்கிறேன்' என்று அனுப்பும் ஆர்.எஸ்.டி. பொட்டலங்கள் வந்துகொண்டிருந்தன. ஆனால் எதிர்முனை அப்படி எதையும் அனுப்பவே இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த கருவி இரண்டு பக்கத்துக்கும் அடுத்தவர் பெயரில் பொய்க் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது! கல்யாணத் தரகர் இரண்டு வீட்டுக்கும் "அவங்களுக்கு இஷ்டமில்லையாம்" என்று சொல்லிச் சம்பந்தத்தை முறிக்கிற மாதிரி.

2007 மே வாக்கில் அவர் இதை வெளியில் சொன்னார். அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் தன் பங்குக்குச் சோதித்தது. அவர்கள் பகிர்ந்த கோப்பு எது தெரியுமா? கிங் ஜேம்ஸ் பைபிள். அதற்கும் அதே கதி. அதுவரை "நாங்கள் தடுப்பதில்லை" என்று சொல்லிவந்த நிறுவனம் அப்புறம் "தாமதப்படுத்துகிறோம், அவ்வளவுதான்" என்று சுருதியை மாற்றியது. 2008 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 3-க்கு 2 என்று காம்காஸ்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரலில் முறையீட்டு நீதிமன்றம் 'இதில் தலையிட ஆணையத்துக்கு அதிகாரமில்லை' என்று அதை ரத்து செய்தது. நடுவில் வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கு சமரசமானதில் ஆளுக்கு அதிகபட்சம் 16 டாலர். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது தீர்ப்போ பதினாறு டாலரோ இல்லை. தனி மனிதர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஆதாரத்தை எடுத்துவைத்ததால்தான் அத்தனை பெரிய நிறுவனம் வாய் திறந்தது.

எல்லோருக்கும் பொட்டலம் பிடிக்கத் தெரியாதே என்று 2008-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வுக் கழகத்தில் கிளாஸ்நோஸ்ட் என்ற சோதனையைச் செய்தார்கள். அந்தக் குழுவை நடத்திய கிருஷ்ணா கும்மாடி நம்ம சென்னை ஐஐடியில் படித்தவர். சோதனையின் யோசனை குழந்தைக்கும் புரியும். உங்கள் கணினிக்கும் அவர்கள் சர்வருக்கும் நடுவே இரண்டு ஓட்டம் விடுவார்கள். ஒன்று பார்வைக்கு அச்சு அசல் பிட்டோரண்ட். இன்னொன்று அதே அளவு, அதே வேகம், அதே போர்ட், ஆனால் உள்ளே அர்த்தமில்லாத எழுத்துகள். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் பிராட்பேண்ட்காரர் யோக்கியர். பிட்டோரண்ட் மட்டும் நொண்டினால் யாரோ உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்திச் சில நிமிடம் காத்திருந்தால் போதும். 2009-ல் கூகிளும் சேர்ந்து தொடங்கிய மெஷர்மென்ட் லேப் அதற்குச் சர்வர்கள் கொடுத்தது. இப்போது கிளாஸ்நோஸ்ட் இல்லை, மூடிவிட்டார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் செய்த வெஹி என்ற செயலி அதே தத்துவத்தில் இயங்குகிறது. அது 2018 ஜனவரியில் ஆப்பிள் முதலில் 'முடியாது' என்று சொல்லி, பத்திரிகையில் வந்தபிறகு அனுமதித்த செயலி. ஆனால் அதன் கவனம் யூட்யூப், நெட்ஃப்ளிக்ஸ் வகையறா மீதுதான். டோரண்ட்காரனுக்கு உதவாது.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2014 டிசம்பரில் ஏர்டெல் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிப் பின்வாங்கியது நினைவிருக்கலாம். 2015 ஏப்ரலில் டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் பறந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று பாரபட்சமான கட்டணத்துக்குத் தடை வந்தது. 2017 நவம்பரில் டிராய் கொடுத்த பரிந்துரையை 2018 ஜூலையில் அரசு ஏற்று, பிறகு உரிமத்திலேயே சேர்த்தது. உள்ளடக்கத்தைத் தடுப்பது, தரம் குறைப்பது, மெதுவாக்குவது, ஒன்றுக்கு மட்டும் சலுகை வேகம் கொடுப்பது எதுவும் கூடாது. இதில் நெட்வொர்க் நெறிமுறையை வைத்துப் பாகுபாடு செய்வதும் அடங்கும். அதாவது "இது டோரண்ட், எனவே மெதுவா போ" என்பது நேரடியாகவே உரிம மீறல். விதிவிலக்காக 'நியாயமான போக்குவரத்து மேலாண்மை' செய்யலாம். அதுவும் அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். அந்த 'வெளிப்படையாக' என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் தங்கம். ஆனால் மீறினால் யார் கண்டுபிடிப்பது? டிராய் 2016-ல் மைஸ்பீடு என்று ஒரு செயலி விட்டது. அது வேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். எந்த வகைப் போக்குவரத்துக்கு என்ன வேகம் என்று காட்டாது. வேக சோதனைத் தளங்களின் சர்வர் பல சமயம் பிராட்பேண்ட்காரரின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். வீட்டு வாசலில் இருந்து முற்றம் வரை ஓடிவிட்டு மாரத்தான் ஓடினேன் என்பது மாதிரி. அதில் 100 காட்டியது என்பதால் டோரண்டை அமுக்கவில்லை என்று ஆகாது. 2020 செப்டம்பரில் டிராய், இதைக் கண்காணிக்கப் பல தரப்பினர் கொண்ட ஓர் அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமைப்பு வருகிறதோ இல்லையோ, என் மேசையில் ஒரு பொத்தான் இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தளத்தைத் தடுப்பது வேறு, ஓட்டத்தை அமுக்குவது வேறு. 2012-ல் '3' உள்ளிட்ட படங்களுக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் பெயர் தெரியாதவர்களுக்கு எதிராகக் கொடுத்த உத்தரவைக் காட்டி, நாடு முழுக்கப் பல நிறுவனங்கள் டோரண்ட் தளங்களோடு விமியோவையும் சேர்த்து மூடின. ஜூனில் நீதிமன்றம் 'குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான், முழுத் தளத்தையும் இல்லை' என்று விளக்க வேண்டி வந்தது. அது கோர்ட் விவகாரம். தளம் திறக்காவிட்டால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அமுக்குவது தெரியாது என்பதுதான் அதன் விசேஷம்.

இப்போது நம்மாட்கள் பக்கம் வருகிறேன். சொல்லப்போனால் 'அமுக்குறானுங்க' என்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் அமுக்கப்படவில்லை என்பதுதான் என் அனுபவம். மூன்றாவது மாடியில் ஒடிசாக்கார நண்பர் ஒருவர். டோரண்ட் போட்டால் வீட்டில் மொத்த நெட்டும் படுத்துவிடும். நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார். போய்ப் பார்த்தால் ஓசியில் வந்த ரவுட்டர்! டோரண்ட் மென்பொருள் ஒரே நேரத்தில் ஐந்நூறு அறுநூறு தொடர்பு திறக்கிறது. இந்தச் சின்னப் பெட்டிக்கு அத்தனை முகவரியை நினைவில் வைத்துக்கொள்ள மூளை இல்லை. தொடர்பு எண்ணிக்கையை 80 ஆகக் குறைத்தோம். பதிவேற்ற வேகத்துக்கு லைனின் முக்கால் பங்கு என்று உச்சவரம்பு வைத்தோம். பறந்தது. பதிவேற்றத்தை முழுசாகத் திறந்துவிட்டால் 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும் சின்னப் பொட்டலங்கள் வரிசையில் மாட்டிக்கொண்டு, இறக்கமும் சேர்ந்து படுத்துவிடும். இதில் நிறுவனத்தின் சதி எதுவுமில்லை.

வேறு நிரபராதிகளும் இருக்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட்தான், 8 பிட் ஒரு பைட் என்பதை மறந்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள் இன்னமும் உண்டு. இரண்டு சுவர் தாண்டிய வைஃபை. விதைப்பவர் இரண்டே பேர் இருக்கும் பழைய டோரண்ட். இலவச ஐபி பற்றாக்குறையால் பல நிறுவனங்கள் நூறு வீட்டை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைக்கின்றன. ரவுட்டரில் உங்கள் முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வெளியில் இருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது, எனவே டோரண்டில் கிடைக்கும் கூட்டாளிகள் குறைவு. எரிச்சலான விஷயம், ஆனால் அமுக்குவது ஆகாது. கடைசியாக யுடிபி. பல டோரண்ட் மென்பொருள்கள் டிசிபிக்குப் பதில் இதைப் பயன்படுத்துகின்றன. லைனில் தாமதம் கூடினால் தானாகவே ஒதுங்கி மற்றவர்களுக்கு வழிவிடும் நல்ல பிள்ளை. மனைவி வீடியோ அழைப்பில் இருக்கும்போது டோரண்ட் வேகம் விழுந்தால் அது யுடிபியின் பெருந்தன்மை.

இத்தனையையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் சந்தேகம். அதை நான் சோதித்த விதத்தைச் சொல்கிறேன். செலவு சில நூறு ரூபாய். பொறுமைதான் அதிகம் வேண்டும்.

பொது டோரண்டை எடுத்து அளப்பதில் அர்த்தமில்லை. இன்றைக்கு இருக்கும் கூட்டம் நாளைக்கு இருக்காது. எனவே மும்பையில் ஒரு சின்ன வாடகைச் சர்வர் எடுத்தேன். தற்செயல் எழுத்துகளால் நிரப்பிய 1 ஜிபி கோப்பு ஒன்றை அதில் உண்டாக்கினேன். அதே கோப்பை அதே சர்வரில் இருந்து இரண்டு வழியில் கொடுக்க ஏற்பாடு: ஒன்று சாதாரண ஹெச்டிடிபி, இன்னொன்று டோரண்ட். டோரண்டுக்கு அந்தச் சர்வர் மட்டுமே விதைப்பவர், என் மடிக்கணினி மட்டுமே வாங்குபவர். யுடிபியை அணைத்து இரண்டு பக்கமும் டிசிபி மட்டும், ஒரே ஒரு தொடர்பு. வைஃபை கிடையாது, நேராகக் கம்பி. இப்போது இரண்டு ஓட்டத்துக்கும் பாதை ஒன்று, தூரம் ஒன்று, கோப்பு ஒன்று. மாறுவது மேலே போட்டிருக்கும் சட்டை மட்டும்.

அந்தச் சட்டையை அடையாளம் காண்பது சுலபம். பிட்டோரண்ட் தொடர்பின் முதல் பைட் 19 என்ற எண். அதைத் தொடர்ந்து 'பிட்டோரண்ட் ப்ரோட்டோக்கால்' என்று ஆங்கிலத்தில் 19 எழுத்து, இடைவெளியையும் சேர்த்து. நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு போவது மாதிரி. பொட்டலத்தின் உள்ளே எட்டிப் பார்க்கும் கருவிக்கு இதைப் பிடிக்க ஒரு நொடி ஆகாது. எனவே மூன்றாவது ஓட்டமாக, மென்பொருளில் 'என்கிரிப்ஷன் கட்டாயம்' என்று வைத்து அதே டோரண்ட். நாலாவதாக, டோரண்டின் வழக்கமான 6881 போர்ட்டில் சாதாரண ஹெச்டிடிபி. போர்ட்டைப் பார்த்து அமுக்குகிறார்களா, நெற்றியைப் பார்த்து அமுக்குகிறார்களா என்று பிரிக்க இது வேண்டும்.

ஒரு தடவை அளந்தால் ஜோசியம்தான். நாளுக்கு நாலு வேளை, காலை 6, மதியம் 2, இரவு 9:30, நள்ளிரவு 1. நான்கையும் வரிசை மாற்றி மாற்றி, மூன்று சுற்று. பன்னிரண்டு நாள். மதிய வேளைக்கு ஒரு சின்ன நிரல் எழுதி விட்டுவிட்டேன், ஆபீஸில் ஆணி பிடுங்க வேண்டுமே.

காலையில் நான்குமே 88-க்கும் 93-க்கும் நடுவில். மதியமும் அப்படியே. நள்ளிரவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரவு 9:30-க்கு மட்டும் படம் மாறியது. சராசரியாக ஹெச்டிடிபி 72. 6881 போர்ட்டில் ஹெச்டிடிபி 70. மறைத்த டோரண்ட் 61. மறைக்காத டோரண்ட் 4. பன்னிரண்டு இரவில் பதினோரு இரவு இதே கதை.

93-ல் இருந்து 72-க்கு விழுந்தது நெரிசல். ஊரே ஓடிடியில் படம் பார்க்கும் நேரம், நான் குறை சொல்ல மாட்டேன். 72-க்கும் 61-க்கும் நடுவே இருப்பதற்கு அர்த்தம் கற்பிக்கவும் தயாரில்லை. ஆனால் நெரிசலுக்குக் கண் கிடையாது. நெற்றியில் எழுத்திருப்பவனை மட்டும் பிடித்து 4-க்குத் தள்ளி, அதே ஆள் முகத்தை மூடிக்கொண்டு வந்தால் 61-க்கு விடுவது நெரிசலால் முடியாது. இரண்டு முனையிலும் பொட்டலம் பிடித்துப் பார்த்தேன். காம்காஸ்ட் பாணிப் பொய்க் கடிதம் எதுவும் இல்லை. பொட்டலங்களைப் பாதி வழியில் தொலைத்துவிடுகிறார்கள், சர்வர் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. நாகரிகமான கழுத்து நெரிப்பு.

சர்வர் வாடகைக்கு எடுக்க முடியாதவர்களுக்கு விபிஎன் வழி இருக்கிறது. ஆனால் 'விபிஎன் போட்டேன், டோரண்ட் வேகமானது' என்பதோடு நிறுத்தக்கூடாது. விபிஎன் பாதையையே மாற்றிவிடும். 2022-ல் செர்ட்-இன் விதிகள் வந்தபின் பெரிய விபிஎன் நிறுவனங்கள் சில இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன, எனவே உங்கள் ஓட்டம் சிங்கப்பூர் வரை போய்த் திரும்பலாம். விபிஎன் இல்லாமல் ஹெச்டிடிபி, டோரண்ட். விபிஎன்னோடு ஹெச்டிடிபி, டோரண்ட். நாலு எண்ணும் கையில் இருந்தால்தான் பேச்சு. விபிஎன்னுக்குள் ஹெச்டிடிபி வேகம் விழுந்து, டோரண்ட் வேகம் மட்டும் ஏறினால் சந்தேகம் கெட்டி. இரண்டுமே ஏறினால் உங்கள் நிறுவனத்துக்கு வெளித்தொடர்பு சரியில்லை என்றுதான் அர்த்தம், அமுக்குவது என்று ஆகாது.

எண்களை அட்டவணையாக்கிக்கொண்டு சேவை மையத்தை அழைத்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், மூவி டவுன்லோட் பண்றீங்களா?" என்றார். அவர் மேல் கோபமில்லை, அவர் முன்னால் இருக்கும் திரையில் அந்தக் கேள்விதான் இருந்திருக்கும். கோபம் அந்தத் திரையை எழுதியவர் மேல். நான் மாதாமாதம் கொடுக்கும் பணம் வெள்ளை. கூத்துக்காரர் கொடுத்த அனுமதி வெள்ளை. ஆனாலும் நெறிமுறையின் பெயரைச் சொன்னவுடன் நான் குற்றவாளிக் கூண்டில் நின்று, வீரப்பா மகன் கட்டிய கூத்தைப் பற்றி இந்தியில் விளக்க வேண்டியிருந்தது. கத்தி விற்பவனிடம் வாங்குகிற எல்லோரையும் 'கொலை பண்ணப் போறியா?' என்று கேட்பார்களா?

'வேற கம்பெனிக்கு மாறிக்கோயேன்' என்பது சுலபமான யோசனை. இந்தப் பக்கத்து அடுக்ககங்களில் கட்டுநர் எந்த நிறுவனத்துக்குக் குழாய் விட்டாரோ அதுதான் கதி. எங்களுக்கு இருப்பது ஒன்றரை நிறுவனம். அரை என்றது மொட்டை மாடி வழியாக யாருக்கும் தெரியாமல் கம்பி இழுத்திருக்கும் உள்ளூர் கேபிள்காரரை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாலு பேர் இருபத்துநாலு மணி நேரமும் லைனை நிரப்பினால் மற்ற நாற்பது பேருக்கு உதைக்கும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. அதே காம்காஸ்ட் அடிவாங்கியபின் என்ன செய்தது? எந்த நெறிமுறை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நெரிசல் வரும் நேரத்தில் அந்தப் பகுதியில் அதிகம் இழுப்பவர் யாரோ அவருடைய போக்குவரத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னுரிமையைக் குறைத்தது. எப்படிச் செய்கிறோம் என்பதை 2010-ல் ஆர்எஃப்சி 6057 என்று எழுதியும் வெளியிட்டது. நீ என்ன செய்கிறாய் என்று கேட்காதே, எவ்வளவு எடுக்கிறாய் என்று பார். இதை நான் ஏற்பேன். நம் ஊர் எஃப்யுபியைக்கூட ஏற்பேன், இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் அல்லவா. ஏற்க முடியாதது ரகசியமாக ஒரு நெறிமுறையைப் பிடித்து நெரித்துவிட்டு, 'லைன் பக்கா' என்று சாதிப்பது. 2018-ல் உரிமத்தில் எழுதிய விதியை அமல்படுத்த அரசு பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். மைஸ்பீடு செயலிக்குள் கிளாஸ்நோஸ்ட் மாதிரி ஒரு சோதனையைச் சேர்த்து, சர்வர்களை நிறுவனங்களின் நெட்வொர்க்குக்கு வெளியே வைத்தால் போதும். 2008-ல் ஓர் ஆய்வுக் குழு செய்த வேலை அது. ஆயிரம் பேர் ஒரே நகரத்தில் ஒரே ராத்திரியில் அழுத்தினால் எந்த நிறுவனமும் தனி மனிதனின் ரவுட்டர் மேல் பழி போட முடியாது.

புகார் எண் வாங்கினேன். மூன்றாம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. 2012 விதிகளின்படி நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. அட்டவணையோடு அனுப்பினேன். 34-ஆம் நாள் பதில் வந்தது. இணைப்பில் ஒரே ஒரு படம்: அவர்கள் சர்வருக்கு எடுத்த வேக சோதனை, 98 எம்பிபிஎஸ், எடுத்த நேரம் காலை 11:20. இரவு 9:30-க்கு மறைத்த டோரண்டும் மறைக்காத டோரண்டும் என்ன வேகம், அந்த இரண்டு எண் மட்டும் போதும் என்று திரும்ப எழுதியிருக்கிறேன்.

இதற்கிடையில் மாமா மகன் 'கர்ண மோட்சம்' அனுப்பினான், 41 ஜிபி. ஏற்கெனவே மூன்று பேரிடம் முழுசாக இருந்தது. என்கிரிப்ஷன் கட்டாயம் என்று வைத்து இரவு பத்துக்குப் போட்டேன், பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தது. மறைக்காமல் அந்த 4 எம்பிபிஎஸ்ஸிலேயே முழுசும் வந்திருந்தால் கிட்டத்தட்ட 23 மணி நேரம் ஆகியிருக்கும்.